வழக்குத் தொடுப்பது யார்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளை ஒட்டிய கேள்விகள் என்பதால், பட்டா மாறுதல், வாடகை ஒப்பந்தம் போன்ற வழக்கமான கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை டிரம்ப் அரசு ரத்து செய்துவிட்டது என்று ஒரு செய்தியிலும், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொன்றிலும் படித்தேன். எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இரண்டாவது செய்திதான் சரி. ஆனால் முதல் செய்தியை எழுதியவர் பார்த்ததும் பொய்யில்லை. 1964 ஜூலை 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட, இனம், நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அந்தச் சட்டத்தை நீக்க வேண்டுமானால், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் வாக்களிக்க வேண்டும். அது நடக்கவில்லை. நம் ஊரில் சட்டத்துக்குக் கீழே விதிகள், அரசாணைகள், சுற்றறிக்கைகள் என்று படிப்படியாக இருப்பது போலவே அங்கேயும் இருக்கின்றன. கீழ்ப்படிகளை மாற்ற அவையின் ஒப்புதல் தேவையில்லை; மாறியிருப்பவை அந்தக் கீழ்ப்படிகள்தாம்.

1965 செப்டம்பரில் ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் எண் நிர்வாக ஆணை, அரசிடம் ஒப்பந்த வேலை பெறும் நிறுவனங்கள் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது, எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கத் தாமாகவே முயற்சி எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், இரு கட்சி அதிபர்களின் காலத்திலும் அது நடப்பில் இருந்தது. 2025 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, டிரம்ப் அதை ஒரு கையெழுத்தில் நீக்கினார். ஒருவர் கையெழுத்தில் பிறந்தது இன்னொருவர் கையெழுத்தில் போயிற்று என்பதால் இதில் சட்டப்படி வியக்க ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் ஆட்களில் நடந்தது. அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கும் அமைச்சகமான நீதித்துறையில் (நீதிமன்றங்களைச் சொல்லவில்லை) 1957-இல் தொடங்கப்பட்ட குடிமை உரிமைப் பிரிவுக்கு 2025 ஏப்ரலில் ஹர்மீத் தில்லான் தலைவரானார், சண்டிகரில் பிறந்தவர். பிரிவு இனி எவ்வகை வழக்குகளை முதன்மையாகக் கொள்ளும் என்று அவர் வரிசையை மாற்றி எழுதிய சில மாதங்களுக்குள், அங்கே பணியாற்றிய வழக்கறிஞர்களில் பெரும்பகுதியினர் வெளியேறிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சட்டப் புத்தகத்தில் எழுத்து அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறும் அரசு வழக்கறிஞர் இல்லை.

கேள்வி: "விளைவுவழிப் பாகுபாடு" என்ற கொள்கையைத்தான் இப்போது குறிவைக்கிறார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். எளிமையாக விளக்க முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

முடியும். அதற்கு ஒரு மின் நிலையத்துக்குப் போக வேண்டும். வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற ஊரில் டியூக் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் இருந்தது. 95 தொழிலாளர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்குக் கிடைத்தது கூலிப் பிரிவு வேலை மட்டுமே. அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவரின் தொகை, மற்ற நான்கு பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்கியவரின் தொகையைவிடக் குறைவு. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடப்புக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம், மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் பள்ளியிறுதிச் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேறியிருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் 1960-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த மாநிலத்தில் வெள்ளையின ஆண்களில் 34 விழுக்காட்டினரும் கறுப்பின ஆண்களில் 12 விழுக்காட்டினரும் மட்டுமே பள்ளியிறுதி முடித்திருந்தார்கள். கறுப்பினத்தவரைத் தனிப் பள்ளிகளில் வைத்துப் படிப்பைக் குறைத்ததும் அதே மாநிலம்தான். இதில் இன்னொரு வேடிக்கை: சான்றிதழ் விதி வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட வெள்ளையினத் தொழிலாளர்கள் பலர், அது இல்லாமலேயே அந்த வேலைகளைக் குறையின்றிச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் அளந்தது எதை?

பதின்மூன்று பேர் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். நம் பாட்டிமார் சொல்லும் நரியும் கொக்கும் கதையை அவர் அந்தத் தீர்ப்பிலேயே எடுத்தாண்டார். தட்டையான தட்டில் பாலை ஊற்றிக் கொக்குக்கு வைத்துவிட்டு, "உனக்கும் கொடுத்தேனே" என்று நரி சொல்வதைச் சம வாய்ப்பு என்று சட்டம் ஏற்காது என்பதே அதன் பொருள். நோக்கம் கெட்டதா என்று நெஞ்சைப் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. விதியின் விளைவு ஒரு பிரிவினரைத் தள்ளிவைத்து, வேலைக்கும் அந்த விதிக்கும் தொடர்பு இல்லையென்றால், அதுவே போதும். இதுதான் உங்கள் பேராசிரியர் குறிப்பிட்ட கொள்கை.

1989-இல் உச்ச நீதிமன்றமே இதன் பல்லைப் பிடுங்கப் பார்த்தது. 1991-இல் காங்கிரஸ் தலையிட்டுக் கொள்கையைச் சட்ட வாசகமாகவே எழுதிவைத்தது. இதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஏனென்றால் 2025 ஏப்ரல் 23 அன்று டிரம்ப் பிறப்பித்த ஆணை, இந்தக் கொள்கைப்படி நடவடிக்கை எடுப்பதை இயன்ற அளவு கைவிடுமாறு எல்லா அரசுத் துறைகளுக்கும் சொல்கிறது. அந்த ஆணை துறைகளைக் கட்டுப்படுத்தும். 1991-ஆம் ஆண்டின் சட்ட வாசகத்தை அழிக்காது. ஆகவே வேலைவாய்ப்பில் பாதிக்கப்பட்டவர் இன்றும் தம் சொந்த வழக்கறிஞரைக் கொண்டு வழக்காடலாம். வீட்டு வசதித் துறையிலும் அப்படியே. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கதவு அடைபட்டிருப்பது வேறோர் இடத்தில். அடுத்த கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஆணை, கொள்கை என்று பேசுகிறீர்கள். சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு இதனால் என்ன ஆகிறது என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் மாவட்டத்தைச் சொல்கிறேன். செல்மாவிலிருந்து மாண்ட்காமரிக்கு 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் வாக்குரிமைக்காக நடந்துபோனார்களே, அந்தச் சாலை இந்த மாவட்டத்தின் ஊடாகத்தான் செல்கிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை மாவட்டம். அங்கே மண் கரிசல் போன்ற களிமண். நீரை எளிதில் உறிஞ்சாது. நம் ஊரில் தோண்டுவது போலச் சாதாரணக் கழிவுநீர்த் தொட்டி கட்டினால் மழைக்காலத்தில் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பிவரும். அந்த மண்ணுக்கேற்ற தொட்டி அமைக்க ஆகும் செலவு பல குடும்பங்களின் வசதிக்கு எட்டாதது. அதனால் கழிப்பறையிலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டி, கொல்லைப்புறப் பள்ளத்தில் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குச் சில அடி தள்ளி அது தேங்கி நிற்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேருக்குக் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் இருந்தது. உலகின் பணக்கார நாட்டில்!

இந்த நிலைமையைச் சீர்செய்வதற்குப் பதிலாக, தொட்டி இல்லாதவர்கள் மீது குற்ற நடவடிக்கை எடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்த மாவட்டத்திலேயே வளர்ந்த கேத்தரின் கோல்மன் பிளவர்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, நடுவண் அரசு விசாரணை நடத்தி, 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்படிக்கை செய்தது. மக்கள் மீது நடவடிக்கை எடுப்பதை நிறுத்த வேண்டும், எந்த வீட்டுக்கு எது தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் வகுக்க வேண்டும் என்பன அதிலிருந்தன. 2025 ஏப்ரல் 11 அன்று நீதித்துறை அதைக் கைவிட்டது. இது பல பிரிவினருக்கும் இடமளிக்கும் பன்மைத்துவக் கொள்கையின் வழியே பார்க்கப்பட்ட சுற்றுச்சூழல் நீதி, இனி இந்த வழியில் போகமாட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சரி, அந்த மக்களே நீதிமன்றம் போனால் என்ன? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. அரசுப் பணம் பெறும் எந்த அமைப்பும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதி. அதே அலபாமாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தியதை எதிர்த்து எழுந்த சாண்டோவல் வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பளித்தது: ஆறாம் பகுதியின் கீழ் விளைவை மட்டும் காட்டித் தனிமனிதர் வழக்குத் தொடுக்க முடியாது, வேண்டுமென்றே செய்தார்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும். விளைவை வைத்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அரசுத் துறைகளிடம் மட்டும் மிஞ்சியது. சாவியை அரசின் கையில் கொடுத்துவிட்டார்கள். 2025-இல் அரசு அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டது. டிசம்பரில், நீதித்துறை தன் விளைவுவழி விதிகளையே நீக்கிவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பின் முழுக் கனமும் லவுண்டஸ் மாவட்டத்துக் கொல்லைப்புறத்தில் இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

கேள்வி: நம் உயர் நீதிமன்றங்களில் போலப் பொதுநல வழக்குப் போட்டுவிட முடியாதா? உரிமை அமைப்புகளுக்கு அங்கே பஞ்சமில்லையே?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

நம் தொழிலில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. இங்கே ஒரு வழக்கறிஞரோ சமூக ஆர்வலரோ, தமக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர்களுக்காக மனுப் போடலாம். ஓர் அஞ்சலட்டையை மனுவாக ஏற்ற காலமும் உண்டு. அமெரிக்க நடுவண் நீதிமன்றங்களில் அந்த வழி கிடையாது. பாதிப்பு எனக்கு நேர்ந்தது, அதை இந்த நீதிமன்றம் தீர்க்க முடியும் என்று காட்டக்கூடிய ஒருவர் வாதியாக வந்து நின்றாக வேண்டும். அமைப்பு எவ்வளவு பெரியதானாலும், பெயர் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

பெயர் கொடுப்பதற்கு விலை உண்டு. தெற்கு கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் 1940-களின் இறுதியில் கறுப்பினப் பெற்றோர் கேட்டது, தங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிப் பேருந்து வேண்டும் என்பதை மட்டுமே. வெள்ளையினப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் ஓடின. இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தப் போராட்டம் முற்றி வழக்கானபோது முதல் பெயராக நின்ற ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத்தில் பார்த்த வேலையை இழந்தார். விடுதியில் பணிப்பெண்ணாக இருந்த மனைவி எலைசாவின் வேலையும் போயிற்று. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று ஒருமனதாகச் சொன்ன பிரவுன் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் இவர்களுடையதும் ஒன்று.

அந்த வழக்குகளை நடத்திய அமைப்பு, கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் 1940-இல் தொடங்கிய சட்டப் பாதுகாப்பு நிதியம். மின் நிலையத் தொழிலாளர்களின் வழக்கை நடத்தியதும் அதுவே. மார்ஷலுக்குக் குருவாக இருந்தவர், ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை நடத்திய சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். அவர் எடுத்த எடுப்பில் பள்ளிகளைத் தொடவில்லை. முதலில் சட்டக் கல்லூரிச் சேர்க்கை வழக்குகளை எடுத்தார். மிசூரி மாநிலத்துக்கு எதிராக 1938-இல் வென்றார். தனித்தனியே வைத்தாலும் சமமாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய சட்டம். தனியாக ஒரு சட்டக் கல்லூரியைச் சமமாகக் கட்ட எவ்வளவு செலவாகும் என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்த விஷயம் அல்லவா! பிரவுன் தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை, 1950-இல் இறந்துவிட்டார்.

இன்று வேறொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. இத்தகைய வழக்குகளுக்குப் பெரிய சட்ட நிறுவனங்கள் கட்டணமின்றி ஆட்களை அனுப்புவது அங்கே வழக்கம். 2025 வசந்த காலத்தில் அதிபர் சில நிறுவனங்களைப் பெயர் சொல்லி ஆணைகள் பிறப்பித்தார். அவற்றின் வழக்கறிஞர்கள் அரசுக் கட்டடங்களுக்குள் நுழைவதைக்கூடக் கட்டுப்படுத்தச் சொன்னார். ஒன்பது நிறுவனங்கள் ஏறக்குறைய 94 கோடி டாலர் மதிப்புள்ள இலவசச் சட்டப் பணியை, வெள்ளை மாளிகைக்கு உகந்த நோக்கங்களுக்காகச் செய்வதாக உடன்பட்டன. நான்கு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. நான்கும் மாவட்ட நீதிமன்றங்களில் வென்றன. என்னைக் கேட்டால், பணிந்தவர்களிடம் சட்ட அறிவு குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இழக்க அஞ்சிய கட்சிக்காரர்களின் (வழக்கை ஒப்படைத்த வாடிக்கையாளர்களின்) பட்டியல் நீளமாக இருந்தது.

நடுவண் அரசு விலகினாலும் மாநிலம் நின்றால் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு மினியாபோலிஸ் சாட்சி. ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் 2020-இல் காவலர் கையில் கொல்லப்பட்ட அந்த நகரத்தின் காவல்துறையைச் சீர்திருத்தும் உடன்பாட்டிலிருந்து நீதித்துறை 2025 மே மாதம், அவருடைய ஐந்தாம் நினைவு நாளுக்குச் சில நாள்கள் முன்பு, பின்வாங்கியது. ஆனால் மினசோட்டா மாநில மனித உரிமைத் துறை 2023-லேயே அதே நகரத்தோடு நீதிமன்றம் ஏற்ற தனி உடன்பாடு செய்திருந்ததால், காவல்துறை மீதான கண்காணிப்பு தொடர்கிறது. அதே நாளில் இதே போன்ற உடன்பாடு கைவிடப்பட்ட லூயிவில் நகரத்துக்கு அப்படியொரு மாநில உடன்பாடு துணையில்லை.

கேள்வி: வாக்குரிமையிலும் இதே கதைதானா?
– வாசகி, சேலம்

பெரும்பாலும் ஆம். பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதியை மாற்றுமுன் நடுவண் அரசிடம் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை, ஷெல்பி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை எறிவது போல இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டு எழுதினார். அதன்பின், மாற்றம் வந்த பிறகு வழக்காடுவதுதான் வழி என்றாயிற்று. அப்படி வழக்காடித்தான் அலபாமாவின் தொகுதி வரைபடத்தை எதிர்த்து 2023-இல் வாக்காளர்கள் வென்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், ஏழு மாநிலங்களை உள்ளடக்கிய எட்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், தேர்தல் விதிகளில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவின் கீழ் அரசுதான் வழக்குத் தொடுக்கலாம், குடிமக்கள் தொடுக்க முடியாது என்றது. சாண்டோவலில் கேட்ட அதே கேள்விதான், வேறு சட்டத்தில்.

கேள்வி: நிறம் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக நடத்துவதுதானே சமத்துவம்? உங்கள் பதில்கள் ஒருபக்கமாகவே இருக்குமோ என்று ஐயப்படுகிறேன்.
– வாசகர், மயிலாப்பூர்

இந்த வாதத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் அலட்சியமாகத் தள்ளவில்லை. இப்போது அங்கே வலுவோடிருப்பதே இதுதான். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மையினரைச் சேர்ந்த வாதிக்கு மட்டும் கூடுதல் சுமை வைக்கக் கூடாது என்று 2025 ஜூனில் ஒருமனதாக வந்த தீர்ப்பை எழுதியவரே கறுப்பினப் பெண் நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன்தான். சட்டப்படி அது சரி என்பதே என் கருத்தும்.

ஆனால் ஒன்று பாருங்கள். விடுதலை பெற்ற அடிமைகள் ஒப்பந்தம் செய்யவும் சொத்து வாங்கவும் உரிமை வேண்டும் என்பதற்காக 1866-இல் எழுதிய சட்டத்தைக் காட்டி, கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு அட்லாண்டாவில் ஓர் அமைப்பு கொடுத்த 20,000 டாலர் உதவித்தொகையை 2024-இல் நிறுத்தினார்கள். சட்ட எழுத்து இடம் கொடுத்தது என்பது உண்மை. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதும் உண்மை.

இதே முட்டுச்சந்தில் நாமும் ஒருமுறை நின்றோம். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கும் 15(4) பிரிவு சேர்ந்தது. அங்கே திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களும் வேண்டும். எனவே அங்கே எல்லாச் சுமையும் வழக்கறிஞர்கள் தோளில் விழுகிறது.

கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். தகுதி இருந்தும் பதவி உயர்வு மறுக்கப்பட்டதற்கு அவன் இந்தியன் என்பதே காரணம் என்று நினைக்கிறான். இந்தச் சூழலில் புகார் கொடுத்துப் பயனுண்டா?
– தாயார், நாமக்கல்

உண்டு, அம்மா. விசாவில் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டங்கள் பொருந்தும். அவர் சொல்வது வேண்டுமென்றே காட்டிய பாகுபாடு. ஏப்ரல் ஆணை தொட்டது விளைவுவழிப் பாகுபாட்டை மட்டுமே. நடுவண் வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க அந்த மாநிலத்தில் 300 நாள். மாநிலக் குடிமை உரிமைப் பிரிவில் 180 நாள். மாநில நீதிமன்றத்துக்கு நேராகப் போக இரண்டு ஆண்டு. ஆணையம் மௌனமாக இருந்தாலும், வழக்குத் தொடுக்கும் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பெறலாம். கடிதம் கைக்கு வந்த 90 நாளுக்குள் நீதிமன்றம் போயாக வேண்டும். மேலே சொன்ன 1866-ஆம் ஆண்டுச் சட்டம் மரபு, இனக்குழு அடிப்படையிலான பாகுபாட்டுக்கும் பொருந்தும். அதற்கு எந்த அரசு அலுவலகத்தின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, பெரும்பாலும் நான்கு ஆண்டு அவகாசமும் உண்டு. பிறந்த நாடு மட்டுமே காரணம் என்றால் அது உதவாது என்பதால், முதல் புகாரில் என்ன சொற்களை எழுதுவது என்பதை அங்குள்ள தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு, மறுப்பை அவருக்குத் தெரிவித்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். மேலதிகாரியிடம் முறையிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்கும் நாள்களும் அதில் கழிந்துகொண்டே இருக்கும். மறுப்பு மின்னஞ்சலில் வந்திருந்தால், தேதி தெரியும்படி ஒரு படி எடுத்து அலுவலகக் கணினிக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.